லாரி எஞ்சினும் ஓர் எண்ணெய் டப்பாவும்

(கோலார் தங்கவயல் வளர்கல்வி மையத்தில், லாரி ஓட்டுநர்களிடமும் கிளீனர்களிடமும் ஒரு மெக்கானிக் பேசியது)



நான் மேடையில் பேசிப் பழகியவன் அல்ல. முப்பது வருடமாக லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு பேசியவன். அங்கே பேச வாயைத் திறந்தால் எண்ணெய்தான் சொட்டும். இன்று மாலை என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேஜை மேல் ஒரு டப்பா இருக்கிறது. எல்லோரும் கையில் வாங்கிப் பாருங்கள். பக்கத்தில் ஒரு குழாய் வாய். மேலே ஒரு குழாய் வாய். அடியில் ஒரு திருகு. அவ்வளவுதான். சிலர் இதை 'ஆயில் கேட்ச் கேன்' என்பார்கள். நாம் எண்ணெய் டப்பா என்றே சொல்வோம். வெல்டிங் கடையில் செய்துவிடலாம். ஆனால் இதைத் தப்பாகப் பொருத்தி ஒரு லாரியையும் ஒரு பையனையும் ஆபத்தில் தள்ளியவன் நான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் டப்பா எதற்கு என்று பார்ப்போம்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி போடும் பிளக் கிடையாது. பிஸ்டன் மேலே ஏறிக் காற்றை நெருக்குகிறது. 16, 17 பங்கு இடத்தில் இருந்த காற்று ஒரு பங்கு இடத்துக்குள் அடங்குகிறது. நெருக்கிய காற்று பழுக்கச் சூடாகிறது. அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. அந்த வேகத்தில் பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது.

பிஸ்டனைச் சுற்றி ரிங் இருக்கிறது. புகை கீழே இறங்காமல் அதுதான் தடுக்கிறது. ஆனால் எந்த ரிங்கும் முழுதாகத் தடுக்காது. புது எஞ்சினிலும் கொஞ்சம் புகை கீழே நழுவும். ரிங்கும் லைனரும் தேயத் தேய நழுவுவது கூடும். நம் பட்டறையில் இதற்குப் பெயர் 'பேக் கம்ப்ரெஷன்'.

நழுவிய புகை எங்கே போகும்? எஞ்சினின் அடிவயிற்றுக்குப் போகும். அங்கே கிராங்க் ஷாஃப்ட் சுற்றுகிறது. சூடான எண்ணெய் தூறலாகப் பறக்கிறது. புகையும் எண்ணெய்த் தூறலும் கலந்து வெளியே வர வழி தேடும். அதற்காகக் கம்பெனியே ஒரு மூச்சுக் குழாய் வைத்திருக்கிறது. அதுதான் பிரீதர். பழைய லாரிகளில் அந்தக் குழாய் எஞ்சின் பக்கமாக இறங்கித் தரையைப் பார்த்து நிற்கும். லாரி நின்ற இடத்தில் கறுப்பு வட்டம் விழுகிறதே, அதில் பாதி இந்தக் குழாயின் வேலை.

அந்தச் சொட்டு யார் மேல் விழுகிறது? முதலில் கிளீனர் தம்பி மேல். கிரீஸ் அடிக்க அடியில் படுத்தால் முகத்தில் விழும். எரிந்த எண்ணெய் தினமும் தோலில் பட்டால் சொறி வரும். வருடக்கணக்கில் பட்டால் தோலில் புற்றுநோய் வரும் ஆபத்தும் உண்டு. பிறகு சாலையில் விழும். கோடை முழுவதும் சொட்டிய எண்ணெய், முதல் மழைக்குத் தண்ணீரோடு சேர்ந்து வழுக்கும். ராபர்ட்சன்பேட்டை திருப்பங்களில் ஸ்கூட்டர்காரர் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். பிறகு அதே எண்ணெய் சாக்கடை வழியாக ஏரி குளத்துக்குப் போகும். சுரங்கக் காலத்தில் இருந்து நம் ஊருக்குத் தண்ணீர் தந்த பேத்தமங்கலம் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள தொல்லை அல்ல. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் என்ற நகரம் கார்ப் புகையில் மூடிக் கிடந்தது. ஆராய்ந்து பார்த்தார்கள். சைலன்சர் புகை மட்டும் காரணம் இல்லை, எஞ்சின் அடிவயிற்றுப் புகையும் ஒரு காரணம் என்று தெரிந்தது. 1961 மாடலில் இருந்து கலிபோர்னியாவில் விற்ற புதுக் கார்களில் அந்தப் புகையை வெளியே விடாமல் எஞ்சினுக்கே திருப்பி எரிக்கும் குழாய் வந்தது. கார் பந்தயத்திலும் ஒரு விதி உண்டு. எஞ்சினின் மூச்சுக் குழாய் வெளியே திறந்திருந்தால், அதன் முனையில் எண்ணெய் பிடிக்கும் டப்பா கட்டாயம். ஓடுதளத்தில் ஒரு கரண்டி எண்ணெய் சிந்தினாலும் பின்னால் வருபவன் உயிர் போய்விடும்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2001 பிப்ரவரி 28 அன்று நம் தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். வேலை போனவர்களில் என் எதிர் வீட்டு அண்ணன் ஒருவர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அடியில் வேலை பார்த்தவர். கையில் வந்த பணத்தோடு கடனும் வாங்கி ஒரு பழைய லாரி வாங்கினார். ஆறு சிலிண்டர் எஞ்சின், டர்போ வைத்தது. அந்த லாரிதான் அவருக்கு நிலம், வீடு, பென்ஷன் எல்லாம்.

2009-ஆம் ஆண்டு அந்த எஞ்சின் அதிகமாக எண்ணெய் கக்கியது. அண்ணன் என்னிடம் வந்தார். "தம்பி, லோடு இறக்கப் போகும் இடத்தில் எல்லாம் தரையை நாசம் பண்ணுது, திட்டுறாங்க" என்றார். ரிங் மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவரிடம் பணம் இல்லை என்பதும் தெரியும். "ஒரு டப்பா வைத்து விடுகிறேன் அண்ணே" என்றேன்.

அன்றைக்கு நான் செய்த தப்பு மூன்று.

பிரீதர் வாய் ஓர் அங்குலம். என்னிடம் இருந்தது அரை அங்குல ஹோஸ். ஒரு சின்ன இணைப்பு வைத்து அதையே மாட்டினேன். 'பாதி அளவு, பரவாயில்லை' என்று நினைத்தேன். கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். குழாயின் குறுக்களவு பாதியானால் வழி பாதியா? இல்லை. கால் பங்குதான். முக்கால் வழியை நானே அடைத்துவிட்டேன். இந்தக் கணக்கை இந்த மையத்து வகுப்பில்தான் பின்னால் கற்றுக்கொண்டேன். அதை முன்பே படித்திருந்தால் அண்ணனின் லாரி தப்பியிருக்கும்.

இரண்டாவது, எண்ணெயைப் பிடிக்க டப்பாவுக்குள் மெத்தைப் பஞ்சை அடைத்தேன். சூட்டில் அந்தப் பஞ்சு ஊறி, உப்பி, கூழாகிவிட்டது.

மூன்றாவது, ஹோஸை நீளமாக விட்டேன். அது நடுவில் ஊஞ்சல் போலத் தொங்கியது. தொங்கிய இடத்தில் எண்ணெயும் தண்ணீரும் தேங்கி அடைத்துக்கொண்டது.

ஒரு வாரம் சொட்டே இல்லை. அண்ணனுக்குச் சந்தோஷம். எனக்குப் பெருமை. எட்டாம் நாள் லாரி சித்தூரில் லோடு ஏற்றிக்கொண்டு வந்தது. மொகிலி மலைப்பாதையில் ஏறும்போது எஞ்சின் சத்தம் போடுகிறது, லாரி இழுக்கவில்லை. கியரைக் குறைத்தும் பயன் இல்லை. லாரி நின்றது. பிறகு பின்னால் உருள ஆரம்பித்தது.

கிளீனர் பையனுக்கு வயது பதினெட்டு. கட்டையோடு குதித்துப் பின் சக்கரத்துக்கு அடியில் போட்டான். முதல் கட்டை நழுவிப் போனது. இரண்டாவதைக் கையாலேயே திணித்தான். சக்கரம் ஏறி நின்றபோது அவன் விரலுக்கும் டயருக்கும் நடுவில் ஒரு பீடி போகிற இடம்தான் இருந்தது. பின்னால் ஒரு பஸ் நின்றிருந்தது என்று அவன் சொன்னான். அதில் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் கியர் பெட்டியை இறக்கிப் பார்த்தேன். கிளட்ச் பிளேட் எண்ணெயில் குளித்திருந்தது. புகைக்கு வெளியே போக வழி இல்லை. அடிவயிற்றில் அழுத்தம் ஏறியது. அந்த அழுத்தம் பின்பக்க ஆயில் சீலைப் பிதுக்கி எண்ணெயைக் கிளட்சுக்குள் தள்ளிவிட்டது. டர்போவிலும் அதே கதை. டர்போவுக்குப் போகும் எண்ணெய் தானாக வழிந்து சம்புக்குத் திரும்ப வேண்டும். கீழே அழுத்தம் இருந்தால் எப்படித் திரும்பும்? அதன் சீல் வழியாகவும் கசிந்திருந்தது.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. டப்பாவைப் பிரித்து, அந்தக் கறுப்புக் கூழைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "தம்பி, மூணு கிலோமீட்டருக்குக் கீழே நாங்க வேலை பார்த்தோம். பாறையே அறுபது டிகிரிக்கு மேல கொதிக்கும். ஒரு ஷாஃப்ட்ல நல்ல காத்து இறங்கும், இன்னொரு ஷாஃப்ட்ல கெட்ட காத்து ஏறும். ஏறுற வழியை ஒருத்தன் பஞ்சு வெச்சு அடைச்சா கீழே இருக்கிறவன் கதி என்ன?"

நான் என் கூலியில் கிளட்ச் பிளேட்டும் சீலும் வாங்கி மாட்டிக் கொடுத்தேன். டப்பாவைத் தூக்கி எறியவில்லை. இரண்டு மாதம் யோசித்து மறுபடி செய்தேன். இப்போது உங்கள் கையில் சுற்றுகிறதே, அந்த மாதிரிதான் அது.

நான்கு அங்குல இரும்புக் குழாய், ஓர் அடி உயரம். இரண்டு பக்கமும் தகடு வைத்து வெல்டிங். உள்ளே சுமார் இரண்டரை லிட்டர் பிடிக்கும். புகை நுழையும் வாய் பக்கவாட்டில், நடுவுக்குக் கொஞ்சம் மேலே. வெளியேறும் வாய் உச்சியில். இரண்டுக்கும் நடுவே ஒரு தடுப்புத் தகடு. புகை நேராக ஓடிவிடாமல் தகட்டில் மோதித் திரும்பும். மோதும்போது எண்ணெய் ஒட்டிக்கொண்டு கீழே வடியும். தகட்டுக்கு மேலே துருப்பிடிக்காத கம்பி வலை, தளர்வாகச் சுருட்டியது. வலை வழியாக வாயால் ஊதினால் தடை தெரியக் கூடாது. பஞ்சு, துணி, தேங்காய் நார் எதுவும் வேண்டாம். வெல்டிங் முடிந்ததும் உள்ளே இருக்கும் பொடியைத் தட்டி, டீசல் விட்டுக் கழுவுங்கள்.

ஹோஸ், பிரீதர் வாயைவிட ஒரு நூல்கூடச் சிறுத்திருக்கக் கூடாது. பெரியதாக இருந்தால் தவறில்லை. எண்ணெய்க்குத் தாங்கும் ரப்பர் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர் ஹோஸ் எண்ணெயில் ஊறி, உள் சுவர் உரிந்து, அதுவே அடைத்துக்கொள்ளும்.

டப்பாவை எங்கே வைப்பது? பிரீதரைவிடத் தாழ்வாக. அப்போதுதான் ஹோஸ் முழுக்க ஒரே சரிவாக இறங்கும். எங்கேயும் தொங்கல் இருக்கக் கூடாது. எஞ்சின் மேல் டப்பாவை மாட்டாதீர்கள், அதிர்ந்து வெல்டிங் விட்டுவிடும். சேசிஸ் சட்டத்தில் பிடி வைத்து மாட்டுங்கள். எஞ்சின் ஆடும், சட்டம் ஆடாது. அதனால் ஹோஸில் கொஞ்சம் விளையாட்டு வேண்டும். ஆனால் தொங்கல் வேண்டாம். இந்த இரண்டையும் சரிக்கட்டுவதுதான் மெக்கானிக்கின் கைவேலை. டர்போவும் சைலன்சர் மேனிஃபோல்டும் நெருப்பாகச் சுடும் இடம். அந்தப் பக்கம் டப்பாவும் போகக் கூடாது, ஹோஸும் போகக் கூடாது. பேன் பெல்ட் பக்கமும் வேண்டாம். அடியில் உள்ள திருகு, படுக்காமலே கைக்கு எட்ட வேண்டும். எட்டாத திருகை யாரும் திறக்க மாட்டார்கள். என் அனுபவம் அது.

மாட்டியதும் வேலை முடியவில்லை. அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் தெரியும்தானே? அதுபோல் கண்ணுக்குத் தெரியும் குழாயை வளைத்து, கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். ஒரு முனையை ஆயில் அளக்கும் டிப்ஸ்டிக் துளையில் இறுக்கிச் செருகுங்கள். மறு முனை திறந்திருக்கட்டும். எஞ்சினை ஓட்டி, கொஞ்சம் வேகம் கொடுங்கள். அழுத்தம் இருந்தால் ஒரு பக்கத் தண்ணீர் மேலே ஏறும். டப்பா இல்லாமல் ஒரு தடவை, டப்பாவோடு ஒரு தடவை அளந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். டப்பாவோடு அதிகம் ஏறினால் டப்பா எஞ்சினின் கழுத்தை நெரிக்கிறது என்று அர்த்தம். உடனே கழற்றுங்கள். எனக்கு அன்று இது தெரிந்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

டர்போ லாரி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள். சில எஞ்சின்களில் பிரீதர் குழாய் தரைக்கு இறங்காது. காற்று உறிஞ்சும் குழாய்க்கே திரும்பிப் போகும். அங்கே டப்பா வைப்பது நல்லதுதான். எண்ணெய் டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் போகாமல் தடுக்கும். ஆனால் டப்பா நிரம்பிவிட்டால் என்ன ஆகும்? நிரம்பிய எண்ணெயை எஞ்சின் அப்படியே உறிஞ்சும். டீசல் எஞ்சினுக்கு எண்ணெயும் தீனிதான். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. வேகம் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் எஞ்சின் உடையும்.

அப்படி ஆனால் காற்றை நிறுத்த வேண்டும். உறிஞ்சும் வாயைப் பலகையாலோ தகட்டாலோ மூட வேண்டும். கையை வைக்காதீர்கள். துணியும் வேண்டாம், உள்ளே இழுத்துக்கொள்ளும். பலகை கிடைக்காவிட்டால் எஞ்சின் போகட்டும், ஆட்கள் விலகி நில்லுங்கள். அந்த நிலைமையே வராமல் இருக்க ஒரு வழி உண்டு. டப்பா பாதி நிரம்பும் முன்பே வடித்துவிடுங்கள்.

வடித்ததை என்ன செய்வது? மறுபடி எஞ்சினில் ஊற்றாதீர்கள். அதில் தண்ணீர், கரி, எரியாத டீசல், அமிலம் எல்லாம் இருக்கிறது. மாட்டுப் புண்ணுக்குத் தடவும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. அதுவும் வேண்டாம். ஒரு கேனில் சேர்த்து, பழைய எண்ணெயைச் சுத்திகரிக்க வாங்கும் அனுமதி பெற்றவரிடம் கொடுங்கள்.

வடிக்கும்போது நிறத்தைப் பாருங்கள். மார்கழிக் காலையில் மோர் மாதிரி வெள்ளையாக வரும். பயப்பட வேண்டாம். குளிரில் ஆவி தண்ணீரானது. ஆனால் வெயில் காலத்திலும் மோராக வந்து, ரேடியேட்டரிலும் தண்ணீர் குறைந்தால், ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 லாரிகளில் பல எஞ்சின்களுக்கு எண்ணெய் பிரிக்கும் கருவியைக் கம்பெனியே வைத்துத் தருகிறது. அதில் நீங்களும் கை வைக்காதீர்கள், என்னையும் கை வைக்கச் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. பெரிய தப்பு இங்கேதான் நடக்கிறது. டப்பா வைத்தால் எஞ்சின் குணமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். டப்பா மருந்து அல்ல. சொட்டை மறைக்கத்தான் செய்யும். முன்பு தரையில் கறுப்பு வட்டம் பெரிதானால் ஓட்டுநருக்குச் சந்தேகம் வரும். இப்போது தரை சுத்தம். ரிங் தேய்வது யாருக்கும் தெரியாது. அதனால் எழுதி வைக்க வேண்டும்.

இதோ ஒரு நோட்டு. அண்ணன் லாரியுடையது. எழுதியவன் அதே கிளீனர் பையன். மூன்று கட்டம் போட்டிருக்கிறான். தேதி, மீட்டர் காட்டும் கிலோமீட்டர், வடித்த எண்ணெய் எத்தனை மில்லி. அளக்க ஒரு பழைய குவார்ட்டர் பாட்டில். அது 180 மில்லி. 1,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை வடிப்பான். முதல் பக்கத்தில் பாருங்கள், 90, 100, 90. அடுத்த பக்கத்தில் 120, 150. எழுத்துக் கோணல்தான், எண் தெளிவு. ஒரு நாள் 360 என்று எழுதி, பக்கத்தில் 'இரண்டு பாட்டில்' என்றும் எழுதியிருக்கிறான். கீழே ஒரு கோடு.

அந்தக் கோட்டைக் காட்டி அவன் அண்ணனிடம் சொன்னான். அண்ணன் என்னிடம் வண்டியைக் கொண்டுவந்தார். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து எஞ்சினை ஓட்டினேன். ரயில் எஞ்சின் போல விட்டு விட்டுப் புகை வந்தது. பிரித்துப் பார்த்தால் நாலாம் சிலிண்டரில் ரிங் உடைந்திருந்தது. லைனரில் கோடு விழ ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு நடை போயிருந்தால் பிஸ்டனும் லைனரும் சேர்ந்து போயிருக்கும்.

அந்தப் பையன் இப்போது ஓட்டுநர். இன்று வருகிறேன் என்றான். வி.கோட்டையில் லோடு இறக்கத் தாமதமாகிறதாம். நோட்டை மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறான். கை சுத்தமாக இருப்பவர்கள் புரட்டிப் பாருங்கள். டப்பாவைத் தொட்டவர்கள் முதலில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள்.